பிளஸ் டூ முடிவாவது பத்தாம் வகுப்பு விடுமுறையில்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்திலேயே பதினைந்து வயசுப் பிள்ளை பிளஸ் ஒன்னுக்கான பாடப்பிரிவை, அதாவது குரூப்பை, எடுத்தாக வேண்டும். பயோ மேத்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸா, காமர்ஸா, தொழிற்கல்வியா என்று வீட்டில் எல்லோரும் பேசுவார்கள், பிள்ளை மட்டும் பேசாது. கணக்கு இல்லாத குரூப்பை எடுத்துவிட்டால் பொறியியல் சேர்க்கைக்கான 200 கட்-ஆஃப் மதிப்பெண்ணில் பாதியான கணக்கின் 100 கையை விட்டுப் போகும் என்பதைச் சேர்க்கும்போதே யாராவது விளக்கிச் சொல்ல வேண்டாமா?

அப்புறம் இரண்டு வருஷம் செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, திருப்புதல் தேர்வுகள், பிளஸ் டூ முடிவில் மார்ச்சில் பொதுத்தேர்வு என்று ஓடும். மொத்தம் ஆறு பாடம், 600 மதிப்பெண். இயற்பியல், வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. ரெக்கார்டு நோட்டில் கோடு போடாத பக்கத்தில் பென்சிலால் படம், எதிர்ப்பக்கத்தில் செய்முறை, கீழே சார் கையெழுத்து. அது வாங்க ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கும் கூட்டம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

எனக்கு நிஜமான கவலை பதினொன்றாம் வகுப்பைப் பற்றித்தான். சில தனியார் பள்ளிகள் அந்தப் பாடங்களைத் தள்ளிவிட்டு நேராகப் பிளஸ் டூ பாடம் நடத்தியதால்தான் 2017-18இல் அதற்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, சரி. ஆனால் மருத்துவத்துக்கான நீட், ஐஐடி போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் நிறைய வருகிறது. பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் மார்க்கை மட்டும் கேட்காமல், பிளஸ் ஒன்னில் எந்தப் பாடம் வரை நடத்தியிருக்கிறார்கள் என்று நோட்டை வாங்கிப் பாருங்கள்.