800-ஐ கழிக்கச் சொன்னா கூட்டுது: என் ஸ்டாக் கால்குலேட்டர்

போன வாரம் சி (C) மொழில ஒரு கால்குலேட்டர் ப்ரோக்ராம் எழுத உக்காந்தேன், முழுக் கணக்கையும் ஒரே வரியில டைப் பண்ணா விடை வரணும், அவ்ளோதான். ரெண்டு ஸ்டாக் (தட்டு அடுக்குற மாதிரி, கடைசியா வச்சதுதான் மொதல்ல வெளிய வரும்), ஒண்ணுல நம்பர், இன்னொண்ணுல + - * மாதிரி ஆப்பரேட்டர். டைக்ஸ்ட்ராங்கிற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1961-ல எழுதி வச்ச முறைதான், ரயில் பெட்டிகளை மாத்தி நிறுத்துற இடத்தோட பேரையே வச்சு ஷண்டிங் யார்டுன்னு பேரு. எங்க போடிக்கு 2023-லதான் மறுபடி ரயில் வந்துச்சு, லைன் இங்கயே முடிஞ்சிர்றதால இஞ்சினை கழட்டி பக்கத்து லைன் வழியா சுத்தி கொண்டுவந்து மறுமுனைல மாட்டுவாங்க, கிட்டத்தட்ட அதே வேலைதான் இங்கயும், ஆப்பரேட்டரை ஓரமா நிறுத்திட்டு நம்பரை முன்னால விடுறது.

மொதல்ல 7+5 போட்டேன். 108 வந்துச்சு. பிள்ளையாருக்கு தேங்கா ஒடைக்கச் சொல்லுதோன்னு பாத்தா, '7'ங்கிற எழுத்துக்கு கம்ப்யூட்டர் உள்ள வச்சிருக்கற ஆஸ்கி நம்பர் 55, '5'க்கு 53, அதைக் கூட்டி வச்சிருக்கு. '0'க்கு 48, ஒவ்வொரு எழுத்துலருந்தும் அந்த 48-ஐ கழிச்சதும் சரியாச்சு. 2+3*4 க்கு 14, (2+3)*4 க்கு 20, முடிஞ்சதுடான்னு லேப்டாப்பை மூடிட்டேன், அங்கதான் ஏமாந்தேன். கூட்டலும் பெருக்கலும் எந்தப் பக்கமிருந்து போட்டாலும் ஒரே விடைதான, தப்பு வெளியவே தெரியல. மறுநாள் 9-4 க்கு -5, 8/2 க்கு 0! ஸ்டாக்ல மேல இருந்து மொதல்ல வர்றது வலது பக்க நம்பர், நான் அதை இடதுன்னு எடுத்து 4-9, 2/8 ன்னு போட்டிருக்கேன் (முழு எண் கணக்குல 2/8 க்கு 0தான்). மாத்திட்டேன்.

எங்கம்மா பூப்பாறை பக்கம் ஏலத்தோட்டத்துக்கு காய் எடுக்க ஆள் கூட்டிட்டுப் போவாங்க. 12 பேரு, ஆளுக்கு 500, அதுல ஜீப்பு வாடகை 1500 போகணும், முன்னாடியே வாங்குன அட்வான்ஸ் 800 போகணும். 12*500-1500-800 ன்னு போட்டா 5300ங்குது. "3700 தானடா, மிச்சம் 1600-ஐ யாரு குடுப்பா?"ன்னு அம்மா கேட்டுட்டு படுக்கப் போய்ட்டாங்க.

அந்த 1600-தான் துப்பு. அது 800-ல ரெண்டு மடங்கு, அப்போ கழிக்க வேண்டிய 800-ஐ எங்கயோ கூட்டியிருக்கு. அம்மாவோட கணக்கு நோட்டு கடைசி பக்கத்துலயே ரெண்டு கோடு போட்டு ஒவ்வொரு அடியா ஸ்டாக்கை எழுதுனேன். நம்பர் பக்கம் 6000, 1500, 800. ஆப்பரேட்டர் பக்கம் ரெண்டு மைனஸ், ஒண்ணு மேல ஒண்ணு. ரெண்டாவது மைனஸ் வந்தப்பவே மொதல்ல இருந்ததை எடுத்து 4500 ஆக்கியிருக்கணும், ஆனா நான் மேல இருக்கறது முன்னுரிமைல (பெருக்கலுக்கு கூடுதல், கூட்டலுக்கும் கழித்தலுக்கும் சமம்) 'பெருசா இருந்தா மட்டும்' எடுன்னு > போட்டிருக்கேன், சமமா இருந்தா அது பாட்டுக்கு உக்காந்துக்குது. கடைசில 1500-800 = 700, 6000-700 = 5300. >= போட்டேன், 3700. ஒரே ஒரு சமக்குறிக்கு ராத்திரி ஒரு மணி.

உடனே 2^3^2 கெட்டுப்போச்சு, ^ன்னா அடுக்கு, அதை மட்டும் வலதுலருந்து போடணும், 512 வரணும், 64 வருது. ஏலத்தோட்டக் கணக்குல அடுக்கு எங்க வரப்போகுது, இருந்தாலும் மனசு கேக்கல, ^ க்கு மட்டும் பழைய > ஐயே விட்டேன்.

இப்ப மாட்டிட்டு நிக்கிறது மைனஸ் நம்பர். -5+3 போட்டா ஸ்டாக் காலி, ப்ரோக்ராம் செத்துப்போகுது. முன்னாடி ஒரு 0 சொருகுனா -2 சரியா வருது, ஆனா அதே வித்தையை 2*-3 கிட்ட காட்டுனா 2*0-3 ன்னு படிச்சு -3ங்குது. அந்த மைனஸுக்கு தனி ஆப்பரேட்டர் வச்சுதான் பாக்கணும், ஞாயித்துக்கிழமை உக்காரணும்.