ஜிப்ஸியின் முன் ஆக்ஸில்: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 8, 2024, சனி

திருமயத்திலிருந்து காரைக்குடி திரும்பும் வழியில் என் மாருதி ஜிப்ஸி மறுபடி ஆடிவிட்டது. ஒரு சின்னப் பாலத்தின் இணைப்பில் முன் சக்கரம் ஏறி இறங்கியது, வேகம் 60தான் இருக்கும், அடுத்த நொடி ஸ்டீயரிங் இரண்டு கையையும் உதறித் தள்ளுகிற மாதிரி இடமும் வலமுமாக அடிக்க ஆரம்பித்தது. பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். 35க்கு வந்த பிறகுதான் அடங்கியது. ஓரமாக நிறுத்தி, புளிய மரத்தடியில் நானும் மச்சானும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். அப்புறம் அவர் கேட்டார்: "மாப்பிள்ளை, இதுலயா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போறீங்க?"

வண்டியை 3 இஞ்ச் உயர்த்தி இரண்டு மாதம் ஆகிறது. தோட்டம் கண்மாய்க்கு அந்தப் பக்கம், ஐப்பசி கார்த்திகையில் வரத்துக்காலைத் தாண்டித்தான் போகணும், அதற்காகச் செய்தது. அன்றிலிருந்து "ஸ்டீயரிங் சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பிரித்து எழுதினேன். நேர் ரோட்டில் வண்டி அலைகிறது. வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை. 60க்கு மேல் ஒரு குழியில் அடித்தால் உதறல். அழுத்திப் பிரேக் போட்டால் இடப்பக்கம் ஒதுங்குகிறது. நேராகப் போகும்போதும் ஸ்டீயரிங் சக்கரம் கோணலாக நிற்கிறது. இந்த ஐந்துக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

உயர்த்திக் கொடுத்த பட்டறையில் போனில் கேட்டால், இன்னொரு ஸ்டீயரிங் டாம்பர் போடச் சொல்கிறார்கள். டாம்பர் உதறலை அமுக்கும், உதறல் எங்கே பிறக்கிறது என்று காட்டாது. போடப் போவதில்லை.

ஜூன் 9, ஞாயிறு

செலவில்லாத வேலையிலிருந்து ஆரம்பித்தேன். டயரில் 34 பவுண்டு காற்று இருந்தது, இவ்வளவு லேசான வண்டிக்கு அது கல் மாதிரி, 26க்கு இறக்கினேன். உதறல் 60க்குப் பதில் 65ல் வந்தது. முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் பார்த்தேன், அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆக, டயர் உதறலைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்து மகனை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து, சக்கரம் தரையிலேயே இருக்க, இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக ஆட்டச் சொல்லிவிட்டு நான் அடியில் படுத்தேன். இந்தச் சோதனைக்கு ஜாக்கி வைக்கக் கூடாது, வண்டியின் எடை சக்கரத்தில் இருந்தால்தான் மூட்டுகள் உண்மையைச் சொல்லும். ஒவ்வொரு பந்து மூட்டின் மேலும் விரலை வைத்துக்கொண்டே போனேன். டை ராடு, அதாவது இரண்டு முன் சக்கரத்தையும் சேர்த்துத் திருப்புகிற கம்பி, இரண்டு முனையும் நன்றாக இருக்கிறது. ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பி, டிராக் லிங்க், அதுவும் பரவாயில்லை. ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் சுற்றுவதைக் கம்பியின் அசைவாக மாற்றுகிற பல்சக்கரப் பெட்டி) உட்காருகிற இடத்தில் சேசிஸில் விரிசல் இல்லை, டார்ச் அடித்து, துணியால் துடைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஜாக்கி. இடது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியதும் ஒரு மெல்லிய 'டொக்'. மகனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினேன், அப்போதும் 'டொக்'. பிரேக் போட்டதும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங்பின், அதாவது சக்கரம் இடமும் வலமும் திரும்புகிற அச்சு. இது கிங்பின்.

ஜூன் 11, செவ்வாய்

கம்ப்யூட்டர் அலைன்மெண்டுக்குப் போனேன். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கிற அளவு) சரி, கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) சரி என்று பச்சை நிறத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாகச் சேர்க்கிற முழு ஆக்ஸில் இருக்கிற வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் டோ மாறாது, டை ராட்டின் இரண்டு முனையும் அந்த ஆக்ஸிலோடு சேர்ந்தேதான் போகிறது. கேம்பரும் அப்படித்தான். உயர்த்தினால் கெடுவது காஸ்டரும் (சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வு) டிராக் லிங்க்கின் சாய்வும். அந்தத் தாளில் அந்த இரண்டும் இல்லை.

ஜூன் 15, சனி

இன்று முழுக்க காஸ்டர் அளப்பதிலேயே போனது, நல்ல நாள்.

சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓட அந்தச் சாய்வும் ஒரு காரணம். வண்டியில் மேல் கிங்பின்னையும் கீழ் கிங்பின்னையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தால் அதன் தலை பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் காஸ்டர். அது குறைந்தால் சக்கரத்துக்கு நேர் எது என்று தெரியாது.

முதலில் தரை. கொட்டகையின் சிமெண்டுத் தரை பார்வைக்கு மட்டமாக இருந்தாலும் கொத்தனாரின் தண்ணீர்க் குழாய் வைத்துப் பார்த்ததில் ஒரு மூலை 7 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, அட்டை வைத்துச் சரிசெய்தேன். சக்கரத்தை நின்ற இடத்திலேயே தடையில்லாமல் திருப்ப ஒரு வழுக்குத் தட்டு வேண்டும், அலைன்மெண்ட் கடையில் அதற்கென்றே சாமான் வைத்திருப்பார்கள், என்னிடம் இருந்தது முகப்புத் தளம் போட்டதில் மிஞ்சிய ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் வார்த்து எடுக்கிற கல், அதன் முகத்தில் விரல் நிற்காது. இரண்டு கல்லை முகத்தோடு முகம் வைத்து நடுவில் கிரீஸ் தடவினேன், மேலே சக்கரம். மேல் கல்லோடு சக்கரம் அப்படியே வழுக்கிக்கொண்டு திரும்பியது. வலப்பக்கத்துக் கல் மட்டும் ஓரத்தில் விரிசல் விட்டது, அதன் அடியில் ஒரு மணல் துகள் கிடந்திருக்கிறது. பின் சக்கரங்களுக்கு அடியிலும் அதே உயரத்துக்குக் கல் வைத்தேன். முன்னால் மட்டும் 4 சென்டிமீட்டர் தூக்கினால் இந்த நீள வண்டிக்கு ஏறக்குறைய 1 டிகிரி தப்பாக வரும்.

சக்கரத்தை 20 டிகிரி வெளியே திருப்பி ரிம்மின் சாய்வை எடுக்கணும், 20 டிகிரி உள்ளே திருப்பி மறுபடி எடுக்கணும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர் வந்துவிடும். காந்தம் ஒட்டுகிற டிஜிட்டல் கோணமானி வைத்து ஒவ்வொரு பக்கமும் மூன்று தடவை எடுத்தேன். இடது 0.4. வலது 0.6.

சாயங்காலம் பள்ளத்தூரில் ஒரு நண்பர் வீட்டுக்குக் கல்லையும் தூக்கிக்கொண்டு போய், கை வைக்காத அவருடைய ஜிப்ஸியை அதே முறையில் அளந்தேன். 3.5. அவருடைய வண்டியில் டிராக் லிங்க்கின் சாய்வையும் குறித்துக்கொண்டேன்.

என் 3 டிகிரி எங்கே போனது என்று இப்போது தெரிகிறது. இந்த வண்டியில் முன் பட்டையின் (வில் பட்டை ஸ்பிரிங்கின்) சாக்கில், அதாவது பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கிற ஆடும் தகடு, முன்னால் இருக்கிறது. பட்டறையில் 50 மில்லிமீட்டர் நீளமான சாக்கிலை மாட்டியதால் பட்டையின் முன் கண் 50 மில்லிமீட்டர் கீழே போய்விட்டது. பட்டையின் நீளம் டேப்பில் 90 சென்டிமீட்டர் பக்கம். 90க்கு 5 என்றால் 3 டிகிரிக்குச் சற்று மேல். பட்டை முன்னால் கவிழ்ந்தது, அதன் மேல் உட்கார்ந்திருக்கிற ஆக்ஸிலும் கூடவே கவிழ்ந்தது.

ஜூன் 16, ஞாயிறு

இடது கிங்பின்னைப் பிரித்தோம். பட்டறை அண்ணன் கீழ் பேரிங்கின் கிண்ணத்தை மண்ணெண்ணெயில் கழுவி என் கையில் கொடுத்து, "நகத்த வச்சு ஓட்டிப் பாருங்க தம்பி" என்றார். ஓட்டினேன். உருளைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து அடித்து அடித்துப் பதித்த கோடுகள், ஒவ்வொன்றிலும் நகம் சிக்கி நின்றது. கிரீஸ் செம்மண் கலந்து செங்காவி நிறத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் புதுப் பேரிங், புது சீல். மூடிக்கு அடியில் ஒரு ஷிம்மை (மெல்லிய தகடு) எடுத்தால் இறுக்கம் கூடும், மீன்காரரிடம் வாங்கி வந்த கொக்கித் தராசை டை ராடு ஓட்டையில் மாட்டி இழுத்து, மேனுவலில் உள்ள அளவு வரும்வரை ஒவ்வொரு ஷிம்மாகப் பார்த்தார். அவர் பொறுமைக்கு நான் கொடுத்த கூலி போதாது.

ஜூன் 22, சனி

போன காஸ்டரை மீட்க, ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் வைக்க லேத்தில் 3 டிகிரி ஆப்பு இரண்டு கடைந்து வாங்கினேன். இரும்புதான். அலுமினியம் இந்த இடத்தில் நாளடைவில் விரிசல் விட்டுவிடும்.

மாட்டி முடித்து, ஓட்டிப் பார்க்கும் முன் அளந்தேன். மைனஸ் 2.6! அண்ணன் மேல் தப்பில்லை, தடித்த பக்கம் பின்னால் வரணும் என்று நான்தான் சொன்னேன். நான் பார்த்து வைத்திருந்த படம், பட்டைக்குக் கீழே ஆக்ஸில் தொங்குகிற வண்டியுடையது. ஜிப்ஸியில் பட்டைக்கு மேலே ஆக்ஸில் உட்காருகிறது, அதனால் தடித்த பக்கம் முன்னால் வரணும். அப்படியே ரோட்டில் இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கழற்றித் திருப்பினோம். இடது 3.4, வலது 3.5. ஆக்ஸிலைப் பட்டையோடு கட்டுகிற யூ போல்ட் எல்லாம் புதிது.

ஜூன் 23, ஞாயிறு

கானாடுகாத்தான் வரை போய் வந்தேன். அலைச்சல் இல்லை. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் என் உள்ளங்கைக்குள்ளேயே வழுக்கி நேருக்கு வருகிறது, இரண்டு மாதமாக மறந்துபோன உணர்ச்சி அது. 70ல் வேண்டுமென்றே ஒரு குழியில் இறக்கினேன், உதறல் இல்லை. பிரேக்கில் ஒதுங்குவது மட்டும் அப்படியே இருக்கிறது.

அது டிராக் லிங்க்கின் வேலை. நீளம் 86 சென்டிமீட்டர். நண்பரின் வண்டியில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உயர வித்தியாசம் 6 சென்டிமீட்டர், என்னுடையதில் 14. பள்ளிக்கூடத்து பிதாகரஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆக்ஸில் 4 சென்டிமீட்டர் மேலே வந்தால் அவர் வண்டியில் சக்கரத்தைத் திருப்புகிற கையை லிங்க் 2 மில்லிமீட்டர்தான் தள்ளும். என்னுடையதில் கிட்டத்தட்ட 6. பிரேக் போட்டால் மூக்கு கீழே போகிறது, லிங்க் படுக்கிறது, நான் திருப்பாமலே சக்கரம் திரும்புகிறது.

ஸ்டீயரிங் கோணலாக நிற்பதும் இதே கணக்குதான், உயர்த்தியதில் 9 மில்லிமீட்டர் போயிருக்கிறது. டிராக் லிங்க்கின் நீளத்தைத் திருகிச் சரிசெய்துவிட்டேன். சிலர் ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றி நேராக மாட்டிவிடுவார்கள், அது கூடாது. பாக்ஸ் நடுவில் இருக்கும்போதுதான் அதற்குள் ஆட்டம் மிகக் குறைவு, முன் சக்கரங்கள் நேராக இருக்கும்போது பாக்ஸும் நடுவில் இருக்கணும். லிங்க்கைச் சூடுபண்ணி வளைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். ஸ்டீயரிங் கம்பியில் நெருப்பு வைக்க விடமாட்டேன்.

ஜூன் 29, சனி

ஒரு வாரமாக யோசித்து முடிவெடுத்தேன்: நீள சாக்கில் வேண்டாம். 50 மில்லிமீட்டர் சாக்கில் வண்டிக்குக் கொடுத்தது அதில் பாதி உயரம், 25 மில்லிமீட்டர். அதற்கு விலையாக 3 டிகிரி எடுத்துக்கொண்டது. ஆப்பு வைத்து அதை மீட்டதில் ஆக்ஸிலின் பின்பக்க மூக்கு கீழே சாய்ந்து, நேற்று கண்மாய் மணலில் முன் சக்கர ஹப்பைப் பூட்டி நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி போட்டதும் முன் புரொபெல்லர் ஷாஃப்ட் (முன் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டு) அதிர்ந்தது. இத்தனைக்கும் டிஃபரன்ஷியலுக்கு (ஆக்ஸிலில் புடைத்து நிற்கிற பல்சக்கரக் குடம்) அடியில் கிடைத்த கூடுதல் இடம் முழுவதும் டயரால் வந்தது, டயர் அளவு 205/70லிருந்து 235/75க்குப் போனதில் 3.3 சென்டிமீட்டர். சாக்கில் அங்கே ஒன்றும் தரவில்லை, தரவும் முடியாது.

பழைய சாக்கிலை மாட்டி ஆப்பைக் கழற்றினோம். முழுக்க மடக்கினாலும் டயர் எங்கும் உரசவில்லை. காஸ்டர் இடது 3.3, வலது 3.4. டிராக் லிங்க் வித்தியாசம் 11.5 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது, நீளத்தை மறுபடி திருகிச் சரிசெய்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

மச்சானையே ஓட்டச் சொன்னேன். அதே பாலம், 65. தாண்டிய பிறகும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச தூரம் போய் ஒரு கையை எடுத்து ஜன்னலில் வைத்துக்கொண்டார். அழுத்திப் பிரேக் போட்டால் இன்னும் லேசாக இடப்பக்கம் போகிறது. முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. மிச்சத்துக்கு, இறக்கம் கூடின பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து டிராக் லிங்க்கை ஆட்டுகிற கை) இந்தப் பாக்ஸுக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கணும். நாளை காலையில் யூ போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து முடுக்குகிற டார்க் ஸ்பேனர் வைத்து மறுபடி முடுக்க வேண்டும்.