கிளௌகோமா நிபுணருக்காகப் பதினாலு மாதம்

போன திங்கட்கிழமை எங்கள் பல்கலைக்கழகக் கண் மருத்துவத் துறைக்கு ஒரு கிளௌகோமா நிபுணர் வந்து சேர்ந்தார். கிளௌகோமா என்பது, பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கெடும் நோய். முதல் விளம்பரம் போட்டதிலிருந்து எண்ணினால் பதினாலு மாதம். கொழும்பில் இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக, நாங்கள் எங்கெங்கே மாட்டுப்பட்டோம் என்று எழுதிவைக்கிறேன்.

முதல் பிழை எங்களுடையது. பழைய விளம்பரத்தை எடுத்துத் திகதியை மட்டும் மாற்றி "சிரேஷ்ட விரிவுரையாளர், கண் மருத்துவம்" என்று போட்டுவிட்டோம். விண்ணப்பித்தவர்களில் ஒருவர் விழித்திரை, ஒருவர் கண்புரை, ஒருவர் சிறுவர் கண். எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் எங்களுக்கு வேண்டியது கண் அழுத்தத்தைக் குறைக்கும் சத்திரசிகிச்சைகளான டிரபெக்குலெக்டமியும் டியூப் ஷண்டும் தானே செய்து, பயிற்சி டொக்டர்களுக்கும் பக்கத்தில் நின்று பழக்கக்கூடிய ஒருவர். விளம்பரத்தில் இல்லாத தகைமையை நேர்முகத்தில் கேட்க முடியாது என்றார்கள், அது நியாயம். திரும்பவும் துறைக்கூட்டம், பீடச்சபை, விளம்பரம் என்று ஐந்து மாதம் போய்விட்டது. கிளௌகோமாவில் போன பார்வை திரும்பி வராது. சொட்டு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் அழுத்தம் இறங்காமல் அந்த ஐந்து மாதமும் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

இரண்டாம் முறை சரியான ஆள் கிடைத்தார். எம்.டி. பட்டம், வெளிநாட்டுப் பயிற்சி, நிபுணர் என்று அங்கீகரிக்கும் போர்ட் சேர்டிபிகேட் எல்லாம் இருந்தது. நேர்முகம் சுகமாக முடிந்தது.

ஆனால் சம்மதம் சொல்லுமுன் துறையைப் பார்க்க வந்தார். பார்வைப்புலம் பார்க்கும் ஹம்ப்ரி மெஷின் பழுதாகித் துணி போர்த்திக் கிடந்தது. "இது இல்லாமல் நோய் கூடுதா இல்லையா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? எனக்கு சத்திரசிகிச்சை தியேட்டர் வாரத்தில் எத்தனை நாள்?" என்று கேட்டார். இரண்டுக்கும் எங்களிடம் பதில் இல்லை. அன்றைக்கே அவரை இழந்திருப்போம். பீடாதிபதி ஒரு வாரத்துக்குள் மெஷினைத் திருத்த ஆள் கூப்பிட்டு, வியாழக்கிழமை தியேட்டரை எழுத்தில் கொடுத்ததால்தான் தப்பினோம். இதையெல்லாம் விளம்பரத்துக்கு முன்னமே ஒழுங்குசெய்து வையுங்கள்.

அப்புறம் விடுவிப்புக் கடிதம். அவர் அரச சேவையில் இருந்தவர், அங்கே விடுவித்தால்தான் இங்கே நியமனம். அவரை விடுவிக்கக் கேட்கும் கடிதத்தோடு முதல் நாள் நானே அந்த அலுவலகத்துக்குப் போனேன். "டொக்டர், இது போட்டோகொப்பி, ஒரிஜினல் வேணும்." ஒரிஜினலோடு போனால் பதவிப்பெயர் கோப்பில் இருப்பதுபோல் இல்லையாம். திருத்திக்கொண்டு மூன்றாம் முறை, மழையில் காலி வீதி நெரிசலைத் தாண்டிப் போனால் கையெழுத்து வைக்கிறவர் லீவு. நாலாம் முறை கடிதமே வரவில்லை என்றார்கள். பக்கத்து மேசையில் இருந்த அக்கா ஒருவர்தான் பதிவுப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டி, வேறொருவர் பெயரில் பதிந்திருந்ததைக் கண்டுபிடித்தார். அவருக்குக் கோடி புண்ணியம். கடிதம் கொடுக்கும்போதே பதிவு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுங்கள்.

இன்னொன்று, பல்கலைக்கழக நியமனம் மட்டும் இருந்தால் போதனா வைத்தியசாலையில் கத்தி பிடிக்க முடியாது. அங்கே கௌரவ நிபுணராக வேலைசெய்ய சுகாதாரத் தரப்பின் அனுமதி வேறாக எடுக்கவேண்டும். நாங்கள் ஒன்று முடியட்டும், மற்றதைத் தொடங்குவோம் என்று இருந்து மேலும் இரண்டு மாதத்தைத் தொலைத்தோம். இரண்டு கோப்பையும் ஒரே நாளில் திறவுங்கள்.

முதல் கிளினிக்கில் அவர் வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு அம்மாவைக் கோணியோஸ்கோப்பி (கண்ணில் லென்ஸ் வைத்து, உள்ளே நீர் வடியும் கோணத்தைப் பார்க்கும் சோதனை) செய்து நிதானமாகப் பார்த்தார். மூன்று விதச் சொட்டு மருந்து போட்டும் அழுத்தம் குறையாதவர். வியாழக்கிழமைப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.