விசில்

மார்ச் 2, திங்கள்

டிரையத்லானுக்கு இன்னும் 27 நாள். நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக. சைக்கிளில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து வைக்கும் கேஜின் திருகை மறுபடி இறுக்கினேன். நேற்றும் இறுக்கினேன்.

மார்ச் 3, செவ்வாய்

60 கி.மீ. சைக்கிள். வழியில் வந்த ஒவ்வொரு வேகத்தடையிலும் வேகத்தைக் குறைக்காமல் ஏறி இறங்கினேன். பாட்டில் அசையவில்லை. போன போட்டிக்கு முன்னாலும் பயிற்சியில் அசையாமல்தான் இருந்தது.

அப்பா வருகிறாரா என்று அம்மாவிடம் கேட்டேன். "நீயே கேளேன்" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியாள் உதவி பற்றிய பகுதி எனக்கு மனப்பாடம், இருந்தும் கண் அங்கேதான் போகிறது. உதவி அதிகாரிகளிடமிருந்து வரலாம், தண்ணீர் தரும் இடங்களில் வரலாம், இன்னொரு போட்டியாளரிடமிருந்தும் ஓரளவு வரலாம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் பெற்றவராக இருந்தாலும் அவரிடமிருந்து வரக்கூடாது. வாங்கிவிட்டால் அடுத்த கேள்வி ஒன்றுதான்: வாங்கியதைத் திருப்பி, பழைய நிலைக்குப் போக முடியுமா? முடிந்தால் எச்சரிக்கை, அதோடு சரி. முடியாது என்றால் தகுதிநீக்கம்.

கையில் இருக்கும் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கலாம். குடித்த தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

கீழே விழுந்ததை எடுக்கவும் வழி இருக்கிறது. ஓரமாக நிறுத்தி, இறங்கி, சைக்கிளைப் பின்னால் வருபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் வைத்துவிட்டு, நாமே நடந்து போய் எடுக்க வேண்டும். எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். ஒரே ஒரு நிமிடம்.

மார்ச் 7, சனி

கேட்கவில்லை. சாப்பிடும்போது வாய் வரைக்கும் வந்தது. அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

நீச்சலுக்குப் போகவில்லை. கெண்டைக்கால் இழுக்கிறது.

படுத்துக்கொண்டே 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானை நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி முதல் ஆளாக மைதானத்துக்குள் வருகிறார், தவறான பக்கம் திரும்புகிறார், விழுகிறார், எழுகிறார், மறுபடி விழுகிறார். பார்க்கச் சகிக்காமல் அதிகாரிகளே தாங்கிப் பிடித்து எல்லைக்கோடு வரை கொண்டுவருகிறார்கள். அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸ் தரப்பு முறையிட, பியெத்ரி தகுதிநீக்கம். அடுத்த நாள் ராணி அலெக்சாண்ட்ரா ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார். சுயநினைவே சரியாக இல்லாத மனிதர். அவர் யாரிடமும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் இல்லை.

நான் சொல்லும் நிலையில் இருந்தேன்.

மார்ச் 11, புதன்

நேற்று எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

நல்ல நாள்! நீச்சல் 1.5 கி.மீ., உடனே சைக்கிள், அப்புறம் 5 கி.மீ. ஓட்டம். கால் ஒத்துழைத்தது.

மாலையில் மொட்டைமாடியில் மாற்றுமிடப் பயிற்சி, அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுவது, இருபது தடவை. கண்ணாடியும் தொப்பியும் பெட்டிக்குள் விழ வேண்டும், வெளியே கிடக்கக்கூடாது. ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை வைத்த பிறகுதான் வாரைக் கழற்ற வேண்டும். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நியூசிலாந்தின் ஹேடன் வைல்ட் அந்த வாரைக் கொஞ்சம் முந்திக் கழற்றிவிட்டதாக 10 நொடி அபராதம். கடைசி வரை அலெக்ஸ் யீயோடு முன்னணியில் ஓடியவர், தங்கத்துக்கு ஓட வேண்டிய நேரத்தில் அபராதக் கட்டத்துக்குள் போய் நின்றார். வெள்ளி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அவர்மேல் மரியாதைதான் கூடுகிறது.

இருபதில் மூன்று தடவை வாரை முந்திக் கழற்றியிருக்கிறேன். நாளையும் செய்ய வேண்டும்.

மார்ச் 18, புதன்

புது கேஜ் மாட்டினேன். பிடி இறுக்கமாக இருக்கிறது. பாட்டிலை உருவவே பலம் வேண்டியிருக்கிறது. போதும் என்று தோன்றவில்லை.

மார்ச் 21, சனி

தூக்கம் வரவில்லை. கோசுமெல் வீடியோவைப் பார்த்தேன். 2016 செப்டம்பர், மெக்சிகோ, டிரையத்லான். முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஜானி பிரவுன்லி வெயிலில் துவண்டு சாலையோரம் சாய்கிறார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவர் கையைத் தன் தோள்மேல் போட்டு இழுத்துக்கொண்டே ஓடி, கோட்டுக்கு மேல் தம்பியை முதலில் தள்ளிவிடுகிறார். ஹென்றி ஷூமன் முதலாவது, தம்பி இரண்டாவது, அண்ணன் மூன்றாவது. ஸ்பெயின் அணி முறையிட்டது. அன்றைய விதிப்படி போட்டியாளருக்குப் போட்டியாளர் உதவலாம் என்பதால் அது நிற்கவில்லை. அதற்குப் பிறகு விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது அப்படித் தாங்கி நகர்த்தினால் இரண்டு பேரும் வெளியே.

மாற்றியது சரி என்றே நினைக்கிறேன். வீடியோவில் அந்த இடம் வரும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் அழுதுவிடுகிறேன். இரண்டும் எனக்குள் இருக்கிறது, ஒன்று இன்னொன்றைத் தள்ளவில்லை.

இன்றைக்கு எழுதிவிடுகிறேன். போன போட்டியில், திருப்பத்தில் நான் வேகம் குறைத்தபோது அப்பா செருப்பை விட்டுவிட்டு, விழுந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். முட்டி வலியோடு. வாங்கிக்கொண்டேன். மோட்டார் சைக்கிளில் வந்த நடுவர் விசில் அடித்தார். அப்பாவிடமும் அம்மாவிடமும் விசில் கேட்கவில்லை என்று சொன்னேன்.

கேட்டது. கேட்ட பிறகுதான் குடித்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

ஓட்டம் 8 கி.மீ.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் பார்த்தால் சைக்கிள் சங்கிலி பளபளவென்று இருக்கிறது. பல் பல்லாகத் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறது. யார் என்று கேட்டேன், அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

போட்டிக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் உதவலாம். அதற்கு எந்த விதியும் இல்லை.

மார்ச் 25, புதன்

2008-இல் ஹவாய் டிரையத்லானில் கிறிஸ்ஸி வெலிங்டனுக்கு டயர் பஞ்சர். காற்றடிக்கும் குப்பி கைவசம் தீர்ந்துபோய் ஓரமாக நின்றார். சக போட்டியாளர் ரெபெக்கா கீட் தன்னிடமிருந்த ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வெலிங்டன் அன்றைக்கு ஜெயித்தார். அது விதிக்கு உட்பட்ட உதவி. கீட்டும் வெயிலில் வியர்த்துக்கொண்டு, தனக்கே பஞ்சர் ஆகலாம் என்ற நிலையில் கொடுத்தது. கயிற்றுக்கு உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் என்ன வித்தியாசம் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் ஒரு அப்பா கயிற்றோரம் நிற்பதில்லை.

மார்ச் 26, வியாழன்

சொல்லிவிட்டேன்.

வாசலில் உட்கார்ந்திருந்தார். "அன்னைக்கு விசில் எனக்குக் கேட்டுச்சுப்பா" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். குடித்ததைச் சொன்னேன், திருப்பிக் கொடுத்திருந்தால் எச்சரிக்கையோடு போயிருக்கும் என்பதையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

"ஆறு மாசமா நான்தான் கெடுத்தேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்ம்மா."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா?"

பதில் இல்லை என்னிடம். அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 27, வெள்ளி

அப்பா பேசவில்லை. 20 நிமிடம் மெதுவாக ஓடினேன்.

மார்ச் 28, சனி

சைக்கிளை ஒப்படைத்துவிட்டு வந்தோம். தாங்கியில் என் எண்ணுக்கு நேரே வைத்து, வெளியேறும் வழி வரை நான்கு முறை நடந்து பார்த்தேன். கேஜை இறுக்கவில்லை. தொட்டுப் பார்த்ததோடு சரி.

வந்தோம் என்று எழுதியிருக்கிறேன். காரில் அப்பாவும் இருந்தார். பாதையின் வரைபடத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "திருப்பத்துக்கிட்ட நிக்கலாமா?" என்று கேட்டார்.

"நில்லுங்கப்பா. விழுந்தா விழட்டும். நானே இறங்கி எடுத்துக்கறேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம்" என்று அவரும் சொன்னார். வரைபடத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 29, ஞாயிறு, காலை 3.40

அப்பா எனக்கு முன்னாலேயே எழுந்துவிட்டார். ஹாலில் விளக்கு எரிகிறது. இரண்டு பாட்டிலிலும் தண்ணீர் நிரப்பி மேசைமேல் வைத்திருக்கிறார்.