டீ ஆறிப்போன கதை

0.301.

இன்று காலை டீ ஆறிப்போகும்வரை இந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேஸ்பாலில் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி 1968-இல் எடுத்த பேட்டிங் சராசரி, அதாவது அடிக்க நின்ற முறைகளில் எத்தனை பங்கு ஹிட் ஆனது என்ற கணக்கு. அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில், அந்த வருஷம் போதுமான ஆட்டங்கள் ஆடியவர்களில் 0.300-ஐத் தாண்டிய ஒரே ஆள் அவர்தான்.

ஆனால் 1930-இல் இன்னொரு லீக்கான நேஷனல் லீக்கின் மொத்தச் சராசரியே 0.303! அந்தக் கூட்டத்தில் நம்ம சாம்பியன் சராசரிக்கும் கீழே.

அப்புறம்தான் அட்டவணையில் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். 1968-இல் அமெரிக்கன் லீக் சராசரி வெறும் 0.230. பந்துவீச்சாளர்கள் அடிக்க வந்தவர்களைத் திணறடித்த வருஷம் அது.

பள்ளியில் கணக்குத்தாள் கொடூரமாக வந்த ஒரு வருஷம், 61 வாங்கி முதலிடம் வந்தவன் ஞாபகம் வந்தது. வீட்டில் அவனுக்குத் திட்டுதான் விழுந்தது. வகுப்புச் சராசரியை யார் கேட்டார்கள்?

யஸ்ட்ரெம்ஸ்கி 23 சீசன் ஆடினார். மொத்தச் சராசரி 0.285. சுமார்தானே என்று தோன்றும். லீக் சராசரியை 100 என்று வைத்து, மைதானத்தையும் கணக்கில் சேர்த்து பேட்டிங்கை மதிப்பிடும் ஓபிஎஸ் பிளஸ் என்ற அளவில் அவர் 130. அதாவது 23 சீசனையும் சேர்த்து.

1969-இல், பந்துவீச்சாளர்களுக்குச் சாதகமாக இருந்த பந்துவீசும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். எங்கள் கணக்கு வாத்தியார் அதற்கெல்லாம் மசியவில்லை.