பாகாயம் பஸ்ஸில் தொடங்கிய வாசிப்பு

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்கு முந்தைய வருடம், அவசரப்பட்டு ஒரு டியூஷனில் விட்டேன். தினமும் இரண்டு பக்கம் அ, ஆ எழுத வேண்டும். கை வலிக்கிறது என்று அழுவாள். இரண்டே மாதத்தில் நோட்டைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிய ஆரம்பித்தாள். நிறுத்திவிட்டேன்.

அவள் ஆயா (பாட்டி) வீடு வேலூர் பாகாயத்தில். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, பலகையில் இருக்கும் ஊர்ப் பெயரை விரலால் காட்டிப் படிப்பேன். 'பாகாயம்' என்பதில் நான்கே எழுத்து. சுழியும் கொம்பும் இல்லாத எளிய வடிவங்கள். எதிர்த்திசையில் போகும் பஸ்ஸில் 'காட்பாடி'. சில நாளில் அவளே கத்தினாள்: "அம்மா, இதுலயும் கா இருக்கு, பா இருக்கு!"

247 எழுத்தையும் வரிசையாக முடித்த பிறகுதான் சொல்லுக்குப் போக வேண்டும் என்பதை அன்றைக்கே விட்டுவிட்டேன். கால் (ா) எது என்று ஒருமுறை பிடிபட்டால், 18 மெய்க்கும் அதே கால்தான். (ஆயா படித்த காலத்தில் ணா, றா, னாவுக்கு வேறு வடிவம். 1978 எழுத்துச் சீர்திருத்தம் அதை எளிதாக்கியது.) ஆனால் கு, மு, லு, கூ, மூ, லூ அப்படி இல்லை, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வளையும். அதனால் சொந்த ஊரான 'வேலூர்'தான் அவளுக்குக் கடினமாக இருந்தது. கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. குழந்தை இங்கே தடுமாறினால் தயவுசெய்து திட்டாதீர்கள், தடுமாறத்தான் செய்யும்.

எழுதுவதற்கு முன் விரலுக்குப் பலம் வேண்டும். மொச்சை உரிக்க, சப்பாத்தி மாவு உருட்ட, வாசலில் கோலமாவை இழுக்க விட்டேன். சிலேட்டும் பல்பமும் அதற்கு அப்புறம்தான்.

ராத்திரி ஒரு கதை, வரிக்குக் கீழே விரலை ஓட்டியபடி. ஒரே புத்தகத்தைப் பத்து நாள் கேட்டாலும் படியுங்கள். கதை மனப்பாடமான பிறகுதான் அவள் கண் எழுத்தின் பக்கம் திரும்பியது.

டிபன் பாக்ஸைத் தானே திறப்பது, பாத்ரூம் போகணும் என்று டீச்சரிடம் கூச்சப்படாமல் சொல்வது, இவையும் பழக வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. பாட்டு, அட்டை, விளையாட்டு என்று அடியிலிருந்தே சொல்லித் தருகிறார்கள். எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்து அனுப்ப வேண்டியதில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது என் மகளுக்குப் பாதி எழுத்து எழுத வராது. டீச்சர் முதல் அட்டையைக் காட்டியதும், "பாகாயம் பா!" என்றாளாம்.