ஆரும் கலைக்கினமோ, தம்பி?

இரணைமடுக் குளத்தின் இடதுகரை வாய்க்கால் வீதியில் காலை ஐந்தரை மணிக்கு நான் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த சைக்கிள் ஒன்று மணியடிக்காமலே எனக்கு இணையாக வந்து சேர்ந்தது. பாரில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போய்க்கொண்டிருந்த, எழுபதைத் தாண்டிய ஐயா ஒருவர். “ஆரும் கலைக்கினமோ, தம்பி?” என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு மூச்சு இருக்கவில்லை. அவர் சிரித்துவிட்டு, அவசரமே இல்லாமல் மிதித்தபடி என்னைக் கடந்து போய்விட்டார்.

அப்போது எனக்கு 41 வயது. குருதியில் சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று வைத்தியர் சொன்ன மறுநாளே புதுச் சப்பாத்து வாங்கி ஓடத் தொடங்கியிருந்தேன். எனக்குத் தெரிந்த ஓட்டமோ பாடசாலையில் பழகிய ஓட்டம் மட்டுமே. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் நடக்கும் மரதனை நினைத்துப் பாருங்கள். ஐந்தாறு கிலோமீற்றருக்கு மரதன் என்று பெயர். உண்மையான மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர் என்பதை எங்களுக்கு எவரும் சொன்னதில்லை. ஆண்டு முழுவதும் ஒரு நாளும் ஓடாத பிள்ளைகள் விசில் ஊதியதும் உயிரைக் கொடுத்துப் பாய்வார்கள், முதலாவது மதகைத் தாண்டியதும் பாதிப் பேர் விலாவைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், முடிவிடத்தில் குளுக்கோசும் தோடம்பழமும் கொடுப்பார்கள். ஓடுவதென்றால் விழும்வரை ஓடுவது என்ற அந்தப் பாடத்தை நான் இருபத்தைந்து ஆண்டுகள் மறக்காமல் வைத்திருந்தேன்.

ஆறாவது கிழமையில், வலது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உட்கரையோரமாக, பெருவிரலால் அமர்த்தினால் துள்ளி எழவைக்கும் நோ ஒன்று வந்தது. சித்தாலேப பூசிக்கொண்டு மேலும் பத்து நாள் ஓடினேன். அதன்பின் எட்டுக் கிழமை வீட்டுப் படியிறங்குவதே பெரும்பாடாகிவிட்டது.

படுத்திருந்த காலத்தில் தேடி வாசித்தபோதுதான் காரணம் விளங்கியது. இதயமும் குருதியும் சில கிழமைகளிலேயே புதிய வேலைக்குப் பழகிவிடுகின்றன. எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும். புதிய சுமையைச் சந்திக்கும் எலும்பு, தன் பழைய பகுதியை முதலில் அரித்தெடுத்துவிட்டே புதியதைக் கட்டுகிறது. ஆகவே இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். புது ஓலை வேய்வதற்காகக் கூரையைப் பிரித்து வைத்திருக்கும் வீட்டைப் போன்ற நிலை அது. நானோ மூச்சு முன்போல வாங்குவதில்லை என்ற தைரியத்தில், அந்த நேரம் பார்த்துத் தூரத்தைக் கூட்டியிருந்தேன்.

திரும்ப ஓடத் தொடங்கியபோது நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது மெதுவாக ஓடுவதை. கேட்பதற்கு இலகு, ஆனால் நடப்பவரைவிடச் சற்றே வேகமாக, பார்ப்பவர் சிரிக்கும்படி ஓடுவதற்கு வெட்கத்தை விட வேண்டும். நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆதர் லிடியார்ட், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீற்றரில் தங்கம் வென்ற பீற்றர் சினெலைக்கூடக் கிழமைக்கு நூறு மைல் ஓடவைத்தே அடித்தளம் இட்டார். இரண்டு நிமிடங்கூட எடுக்காத ஓட்டத்துக்கு அவ்வளவு தூரப் பயிற்சி! பின்னாளில் ஸ்டீபன் செய்லர் என்ற உடற்றொழிலியல் ஆய்வாளர், உலகத்தரமான நெடுந்தூர வீரர்களின் பயிற்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இலகுவான வேகத்திலேயே நடப்பதை எடுத்துக்காட்டினார். தசைக் கலங்களில் சக்தியை உண்டாக்கும் இழைமணிகளும், அவற்றைச் சூழக் குருதி மயிர்க்குழாய்களும் பெருகுவதற்கு அந்த மென்வேகமே போதும். கடும் வேகமும் தேவைதான். ஆனால் என்னைப் போன்றவருக்குக் கிழமையில் ஒரு நாளுக்கு மேல் அது தேவையில்லை.

இலகு என்பதை அளக்க மணிக்கூடு வேண்டாம். இடையில் மூச்சுக்கு நிற்காமல் ஒரு முழு வசனத்தைப் பேசி முடிக்க முடிந்தால் அதுவே சரியான வேகம். எனக்கு அந்தச் சைக்கிள் ஐயாவே அளவுகோலாகிவிட்டார். இப்போது அவர் இணையாக வந்தால் நெல் விலையையும் உரத்தட்டுப்பாட்டையும் பற்றி மதகு வரை பேசிக்கொண்டே போகிறோம், பெரும்பாலும் அவர் பேச நான் மறுத்துரைப்பேன்.

ரொறன்ரோவில் உறவினர் இல்லாத வீடு வன்னியில் குறைவு. அந்த நகரத்து மரதனைத்தான் எட் விற்லொக் என்பவர் 2004 இல், தமது 73 ஆவது வயதில், 2 மணி 54 நிமிடம் 48 செக்கனில் ஓடி முடித்தார். வீட்டுக்கு அருகிலிருந்த மயானத்துக்குள் மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடுவதே அவருடைய பயிற்சி. (இங்கே அப்படி ஓடினால் ஊர் என்ன பேசும் என்பது வேறு கதை.) அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை, முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023 இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 72 வயதில் தங்கம் வென்று வந்ததை நாம் அறிவோம்.

எங்கள் வெக்கைக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. உடல் அதற்குப் பழக ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கும். அதன்பின் வியர்வை முந்தித் தொடங்கும், அதில் கரைந்து போகும் உப்பும் குறையும். சோளகம் வீசும் மாதங்களில் வியர்வை தோலிலே நிற்காமல் உலர்ந்துவிடுவதால் எவ்வளவு இழந்தோம் என்பதே தெரியாது. ஓட முன்னும் பின்னும் நிறை பார்த்தால் தெரியும்: ஒரு கிலோ குறைவு ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர். அதற்காக வெறும் தண்ணீரைத் தாகத்துக்கு மேல் ஊற்றிக்கொண்டால் குருதியில் சோடியம் குறைந்து அதுவும் ஆபத்தில் முடியலாம். ஒரு மணிக்கு மேல் ஓடிய நாளில் நான் உப்புப் போட்ட மோர் குடிக்கிறேன். நோவுக்கு இபுபுரூபன் போட்டுக்கொண்டு ஓடுவோருக்கு ஒரு வார்த்தை: நீரிழந்த உடலில் அந்த வகை மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் குருதியைக் குறைக்கும். சிறுநீரக நோய் ஏற்கெனவே பரவியுள்ள வவுனியாப் பக்கத்தில் இந்த விளையாட்டு வேண்டாம்.

கார்த்திகை, மார்கழியில் வீதியில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். மாங்குளப் பக்கம் போனால் விடியப்புறத்தில் யானை நிற்கும். அந்த நாட்களில் விறாந்தையில் குந்தி எழும்புகிறேன், 20 லீற்றர்க் கானைக் கையில் தூக்கி முற்றத்தைச் சுற்றி நடக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்போடு இரண்டு நாள் பலப்பயிற்சியையும் கேட்கிறது. வயது ஏறத் தசை கரைவதால் அந்த இரண்டாவது பகுதியே எங்கள் வயதினர் விட்டுவிடக் கூடாதது. தவறிய நாட்களை அடுத்த கிழமையில் சேர்த்து ஓடி ஈடுகட்டுவதை அடியோடு விட்டுவிட்டேன். என் காலைக் கெடுத்ததும் அப்படி அவசரப்பட்டுத் தூரத்தைக் கூட்டியதுதான்.

இந்த வெள்ளிக்கிழமை 14 கிலோமீற்றர். வீட்டை விட்டு இறங்கும்போது அம்மாவிடம் “நடந்திட்டு வாறன்” என்றுதான் சொல்வேன். ஓடப் போகிறேன் என்று ஒருமுறை சொன்னதற்கு, “ஓடினது காணாதே?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.